வீட்டுப் பக்கத்தில் நோட்டீஸ் பலகை நட்டால்: கோலாலம்பூர்வாசிகள் கருத்துச் சொல்வது எப்படி

காலி நிலத்தின் வேலியில் ஒரு பெரிய பலகை ஏறியிருக்கும். அதில் மலாயில் பொடி எழுத்து, நடுவில் லோட் நம்பர் (நிலத்தின் எண்), கீழே ஒரு தேதி. அங்கே கட்டடம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள் என்ற அறிவிப்பு அது. பாதிப்பேர் அதைக் கட்டுமான விளம்பரம் என்று நினைத்துக் கடந்து போகிறார்கள். மீதிப்பேர் படம் பிடித்துத் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இருபது பேர் கோபப்பட்டு, அத்தோடு விட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் பட்ட கோபம் கோப்பில் ஏறாது. கடைசித் தேதிக்குள், லோட் நம்பரைக் குறிப்பிட்டு, காகிதத்தில் எழுதிச் சாப்பு (அலுவலக முத்திரை) வாங்கிய எதிர்ப்புக்குத்தான் பின்னால் நீதிமன்றம் வரைக்கும் மதிப்பு இருக்கிறது.

கோலாலம்பூரில் இது ஏன் கூடுதல் முக்கியம்? சிலாங்கூரில் இருப்பவருக்குச் சட்டமன்ற உறுப்பினர் உண்டு. நமக்குக் கிடையாது. இந்தக் கூட்டரசு பிரதேசத்தில் 11 நாடாளுமன்றத் தொகுதிகள்தான். டத்தோ பண்டார், அதாவது மேயர், நியமனப் பதவி. நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, திரும்பவில்லை. அதனால் உங்கள் தெருவில் எத்தனை மாடி வரலாம் என்பதில் நீங்கள் நேராகக் கையெழுத்துப் போட்டுச் சொல்லக்கூடிய வாசல் இந்தக் கருத்துக்கேட்புதான்.

முதலில் எது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊர் முழுமைக்குமான உள்ளூர் திட்டம் ஒரு வகை. கோலாலம்பூர் உள்ளூர் திட்டம் 2040இன் வரைவு 2024 ஜனவரியில் காட்சிக்கு வந்து மார்ச் வரை கருத்துக் கேட்கப்பட்டது. 2025 ஜூன் 11 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நிறம் (எதற்கான நிலம் என்பது), ஒரு அடர்த்தி (எவ்வளவு கட்டலாம் என்பது) அதில் போடப்பட்டிருக்கும். இரண்டாவது வகை, தனி ஒரு நிலத்துக்கான மேம்பாட்டு விண்ணப்பம். வேலியில் பலகை வருவது இதற்குத்தான். மூன்றாவது, எம்ஆர்டி போன்ற ரயில் பாதை: 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்று மாதம் வரைபடத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும். எம்ஆர்டி 3 வட்டப் பாதைக்கு 2024 செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை அப்படித்தான் நடந்தது. நான்காவது, புதுச் சட்ட வரைவுகள். மலேசிய உற்பத்தித்திறன் கழகம் நடத்தும் ஒருங்கிணைந்த பொதுக் கருத்துக்கேட்பு இணையத்தளத்தில் அமைச்சுகள் அவற்றைப் போடுகின்றன. பதிவு செய்துகொண்டு வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

இவற்றில் வீட்டுக்கு மிக நெருக்கமானது இரண்டாவது என்பதால் அதையே விரிவாகப் பார்ப்போம்.

நான்கு படங்கள் எடுங்கள், முதல் மூன்றைப் பலகையைப் பார்த்த அன்றே. பலகை முழுவதும் ஒன்று. எழுத்து தெளிவாகத் தெரிய ஒன்று. பலகை நிற்கும் இடம் சாலையோடு சேர்ந்து தெரிய ஒன்று. அதே இடம், மறுநாள் வேறு நேரத்தில் இன்னொன்று. பலகை புதருக்குப் பின்னால், யாரும் போகாத பக்கத்தில் நடப்பட்டிருந்தால் இந்தப் படங்களே உங்கள் முதல் வாதம். லோட் நம்பர், முக்கிம் (நில வட்டாரம்), விண்ணப்பக் குறிப்பு எண், எத்தனை புளோக், எத்தனை மாடி, எத்தனை யூனிட், எதிர்ப்புக்கான கடைசித் தேதி எல்லாவற்றையும் கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் எண் 3ஆ 8ஆ என்று பின்னால் சண்டை வரக்கூடாது.

ஒட்டிய நிலத்துக்காரர்களுக்குக் கடிதமும் வரும். இங்கேதான் நம் குடும்பங்கள் பல இடறுகின்றன. கடிதம் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) பெயர் உள்ளவருக்கு வருவது. தாத்தா இறந்து பத்து வருடமாகியும் கிராண்டை மாற்றாமல் வைத்திருந்தால் அது தாத்தா பெயருக்கு வரும்; பழைய முகவரிக்குப் போனால் வராமலேயே போகும். வாடகைக்கு இருப்பவருக்கு வரவே வராது. கடிதம் வரவில்லை என்பதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள். ஐசி (அடையாள அட்டை) நகல், அந்த முகவரியில் வந்த மின்சாரக் கட்டணம் அல்லது வீட்டு வரி ரசீது ஆகியவற்றோடு எழுதலாம். இறந்தவர் பெயரில் கிராண்டு இருந்தால், வாரிசு என்று கடிதத்தில் சொல்லி இறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.

அடுத்து ஜாலான் ராஜா லாவுட்டில் உள்ள டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) கோபுரத்துக்குப் போய் அமைப்பு வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பினாங்கிலும் சிலாங்கூரிலும் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, கோலாலம்பூரில் கிடையாது. எனவே கவுண்டரில் காட்டும்போதே பார்த்துக் குறிப்பு எடுப்பதுதான் வழி. படம் எடுக்கவிடவில்லை என்றால் அதையும், நாள், நேரம், கவுண்டர் எண்ணோடு எழுதி வையுங்கள்.

வரைபடத்தில் பார்க்க வேண்டிய எண் நிலத்தளப் பரப்பு விகிதம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. விகிதம் 4 என்றால் அந்த ஒரு ஏக்கரில் 174,240 சதுர அடி தளம் கட்டலாம் என்று பொருள். கார் நிறுத்தும் மாடிகள் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. அதனால் காகிதத்தில் தெரிவதைவிடக் கட்டடம் உயரமாக நிற்கும். இந்த எண்ணை உள்ளூர் திட்டத்தில் அதே நிலத்துக்குப் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். விண்ணப்பம் அதைத் தாண்டினால், எதிர்ப்புக் கடிதத்தின் முதல் காரணம் அதுதான். அதைவிட வலுவான வாதம் வேறு இல்லை.

ஏன் என்பதற்குப் புக்கிட் கியாராவைப் பாருங்கள். தாமான் ரிம்பா கியாரா பூங்கா நிலத்தில் 1,766 யூனிட் அடுக்ககமும், பக்கத்தில் நீண்ட வீடுகளில் வாழும் முன்னாள் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 350 யூனிட் வீடுகளும் என்று ஒரு திட்டம். 2017இல் அதற்கு அனுமதி கொடுக்கப்பட்டது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரல் 18 அன்று, நீதிபதி நளினி பத்மநாதன் தலைமையிலான கூட்டரசு நீதிமன்ற அமர்வு அந்த அனுமதி செல்லாது என்று உறுதி செய்தது. கட்டமைப்புத் திட்டம், அதாவது உள்ளூர் திட்டத்துக்கு மேலே நிற்கும் நகரின் கொள்கைத் திட்டம், வெறும் வழிகாட்டிக் குறிப்பு அல்ல, டத்தோ பண்டாரைக் கட்டுப்படுத்தும் சட்ட ஆவணம். அதை மீறினால் காரணம் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அந்தத் தீர்ப்பு உங்கள் கடிதத்துக்கும் துணை.

அதே வழக்கில் நாம் மறக்கக்கூடாத இன்னொரு பக்கமும் உண்டு. அந்த நீண்ட வீட்டுக் குடும்பங்கள் நம்மவர்கள்; நிரந்தர வீட்டுக்காகப் பல வருடம் காத்திருந்தவர்கள். இப்படிப்பட்ட நிலத்தில் எதிர்ப்பு எழுதும்போது, மறுகுடியேற்ற வீடுகளை ஆதரிக்கிறோம், மிஞ்சிய அடர்த்தியைத்தான் எதிர்க்கிறோம் என்று ஒரு வரி தெளிவாகச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தரப்பையும் மோதவிடுவது எளிதாகிவிடும்.

கடிதம் மலாயில் இருப்பது நல்லது. தலைப்பு வரி: ‘பந்தாஹான் தெர்ஹாடாப் சடாங்கான் பெம்பாங்குனான்’ (மேம்பாட்டு முன்மொழிவுக்கு எதிர்ப்பு), அதை ஒட்டி லோட் நம்பரும் குறிப்பு எண்ணும். முதல் பத்தியில் நீங்கள் யார், அந்த நிலத்திலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், சொந்த வீடா வாடகையா. பிறகு மூன்று காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. பத்துக் காரணம் எழுதினால் பலவீனமான ஏழு காரணங்களை வைத்து மொத்தத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில் என்ன வேண்டும் என்பது: நிராகரிக்க வேண்டுமா, அல்லது அடர்த்தியை இத்தனை யூனிட்டாகக் குறைக்க வேண்டுமா. இரண்டையும் கேட்கலாம், முதலில் இது, இல்லையென்றால் அது என்று. நேரில் விளக்க வாய்ப்பு வேண்டும் என்ற வரியும் மறக்காமல் இருக்கட்டும்.

எடுபடும் காரணங்கள் சாலை, வடிகால், சரிவு, தீயணைப்பு வண்டி நுழைவு, பள்ளி இடம், திறந்தவெளி ஆகியவை. வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்பவை எடுபடா. புதிதாக யார் குடிவருவார்கள் என்று அவர்களின் இனத்தைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் கடிதம் முழுவதும் கெட்டுப்போகும், அது தவறும்கூட.

சாலை நெரிசல் என்று வெறுமனே எழுதினால், பணம் கொடுத்துத் தயாரித்த போக்குவரத்து ஆய்வு ஒன்றை எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும். உங்களிடமும் எண் இருக்க வேண்டும். செவ்வாய், புதன், வியாழன், பள்ளி விடுமுறை இல்லாத வாரம், காலை 7:00 முதல் 8:30 வரை. சந்தியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார வேண்டும். தாளில் 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம், மொத்தம் ஆறு. கார், மோட்டார், லாரி என மூன்று வரிசை. நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் கூட்டும்போது தப்பு வராது. ஒருவர் எண்ணும்போது இன்னொருவர் அளவு நாடாவை எடுத்துச் சாலையின் அகலத்தை ஓரக்கல்லிலிருந்து ஓரக்கல் வரை அளக்கட்டும். இரு பக்கமும் கார் நிறுத்திய பிறகு நடுவில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் அளக்கட்டும். அந்த இரண்டாவது அளவுதான் ஆம்புலன்ஸ் நுழையுமா என்பதைச் சொல்லும். மழை பெய்த மறுநிமிடம் வடிகாலில் ஒரு அடிக்கோலை நிறுத்தித் தேதியோடு படம் எடுத்தால், வெள்ளப் பிரச்சினைக்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கையெழுத்து வேட்டை நடத்துவதானால் ஒவ்வொரு தாளின் தலையிலும் லோட் நம்பரும் எதிர்ப்பின் தலைப்பும் இருக்க வேண்டும். முதல் தாளில் மட்டும் போட்டால் மற்றவை எதற்கான கையெழுத்து என்று யாரும் கேட்கலாம். பெயர், ஐசி எண், முகவரி, சொந்தமா வாடகையா, கையெழுத்து என ஐந்து பத்திகள். ஐசி எண்கள் உள்ள இந்தத் தாள்களை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். எல்லாரும் ஒரே கடிதத்தை நகலெடுத்து அனுப்பினால் ஒரே கருத்தாகத் தொகுத்துவிடுவார்கள். நூறு நகலைவிட, பாட்டி நடந்து கோயிலுக்குப் போகும் பாதை, பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போகும் வழி என்று சொந்தமாக எழுதிய பத்துக் கடிதங்கள் கனமானவை. அடுக்குமாடியாக இருந்தால் நிர்வாகக் குழு கூட்டித் தீர்மானம் எழுதி, அந்தக் கூட்டக் குறிப்பையும் இணைக்க வேண்டும்.

கொடுக்கும்போது இரண்டு பிரதி. ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்வார்கள். உங்களுடையதில் தேதியோடு சாப்பு அடித்து வாங்குங்கள். கடைசி நாள் மதியம் ஓடாதீர்கள். கவுண்டர் மூடும் நேரம் வெள்ளிக்கிழமை வேறு. மின்னஞ்சலில் அனுப்பினால் கிடைத்தது என்ற பதிலைக் கேட்டு வாங்குங்கள், இணையப் படிவமானால் அனுப்பும் முன்னும் பின்னும் திரையைப் படம் பிடியுங்கள். நீண்ட கருத்தைப் படிவத்திலேயே தட்டாமல் வேறு இடத்தில் எழுதி ஒட்டுங்கள், நடுவில் தளம் வெளியேற்றிவிட்டால் எல்லாம் போய்விடும்.

விசாரணைக்கு அழைத்தால் ஒரு தாமானுக்கு ஒரு பேச்சாளர் போதும். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கும்படி வீட்டில் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். ஏ3 தாளில் ஒரே வரைபடம், வந்திருக்கும் அதிகாரிகளுக்குத் தலைக்கு ஒன்று. வயதானவர் தமிழில்தான் சொல்ல முடியும் என்றால் மொழிபெயர்க்க ஒருவரை அழைத்து வர முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். போக்குவரத்து ஆய்வு எந்த மாதம் எடுக்கப்பட்டது, பள்ளி விடுமுறையிலா என்று ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள். வெளியே வந்ததும், யார் என்ன சொன்னார்கள் என்பதை அன்றைக்கே எழுதி அனுப்பி வையுங்கள்.

உள்ளூர் திட்டத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. முந்தைய திட்டமான கோலாலம்பூர் நகரத் திட்டம் 2020இன் வரைவு 2008இல் காட்டப்பட்டது. அரசிதழில் ஏறியது 2018இல். காட்டியதும் ஏறியதும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். உங்கள் லோட், பக்கத்துத் திடல், கோயில், தமிழ்ப்பள்ளி நிலம் ஆகியவற்றின் நிறத்தை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். ஐம்பது வருடமாகக் கோயில் நிற்கும் நிலம் வரைபடத்தில் வணிக நிறத்தில் இருந்தால், அடுத்த திருத்தம் வரும்போது முதல் நாளே எழுத வேண்டியது அதைப் பற்றித்தான்.

சட்ட வரைவுகளில் விழுக்காட்டைத் தேடுங்கள். 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்த நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதாவில், 30 வருடத்துக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80, அதைத் தாண்டியதற்கு 75, கைவிடப்பட்டதற்கு 51 விழுக்காட்டு உரிமையாளர் சம்மதம் இருந்தால் புதுப்பிக்கலாம் என்று இருந்தது. பழைய பிளாட்டில் இருப்பவருக்கு மசோதாவின் மற்ற எல்லாப் பக்கங்களையும்விட இந்த மூன்று எண்களே முக்கியம்.

பினாங்கில் உறவினர் இருந்தால் அங்கே விதி வேறு என்று சொல்லுங்கள். அங்கே 1976ஆம் ஆண்டின் நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டம். ஒட்டிய நிலத்துக்காரருக்கு எதிர்ப்புத் தெரிவிக்க 21 நாள், முடிவு பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியம். சுங்கை ஆராவில் குன்று நிலக் கட்டுமானத்தை எதிர்த்த சன்ரைஸ் கார்டன் குடியிருப்பாளர்கள் அந்த வாரியத்தில்தான் 2015இல் வென்றார்கள்; 2023இல் கூட்டரசு நீதிமன்றமும் அதை நிலைநாட்டியது.

கோலாலம்பூரில் எதிர்ப்பாளருக்கு மிஞ்சுவது உயர் நீதிமன்றத்தில் நீதிச் சீராய்வு, அதாவது அந்த முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்வது. முடிவு தெரியவந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று உங்களுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். ஆகவே விசாரணை முடிந்ததும் மாதம் ஒருமுறை குறிப்பு எண்ணைப் போட்டு நிலவரம் கேட்டு எழுதுங்கள், பதிலின் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். வக்கீலிடம் போகும்போது சாப்பு அடித்த கடிதம், நான்கு படங்கள், எண்ணிய தாள்கள், விசாரணைக் குறிப்பு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.