பழைய முதலாளி பணத்தைத் திருப்பிக் கேட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கும் என் அத்தை மகள் ஒரு கிடங்கில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு விலகினாள். மூன்று மாதம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. சம்பளத்தில் 5,280 ரேண்ட் கூடுதலாகக் கொடுத்துவிட்டார்களாம், 14 நாளில் திருப்பிக் கட்ட வேண்டுமாம். கணக்கு எதுவும் இணைக்கவில்லை. அவள் பயந்துபோய் அன்று இரவே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில், "மன்னிக்கவும், மாதம் 500 ரேண்டாகக் கட்டிவிடுகிறேன்" என்று எழுதிவிட்டாள். என்னிடம் சொன்னது மறுநாள்தான்.

நம் ஆட்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். கடன்காரர் என்ற பேர் வரக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் கடன் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே கட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட கடன், முதலாளிக்கு விஷயம் தெரிந்த நாளிலிருந்து, அல்லது அக்கறையோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளிலிருந்து, 3 வருடத்தில் காலாவதியாகும். 1969ஆம் வருடச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆனால் இடையில் நீங்கள் கடனை ஒப்புக்கொண்டால் அந்த 3 வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். சமாதானத்துக்காக 200 ரேண்ட் கட்டினாலும் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. முதல் பதிலில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த மாதம், எந்தக் கணக்கு இனம், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று ஆவணத்தோடு காட்டுங்கள்."

அடுத்த தவறு, கணக்கு வந்தபின் அதை அப்படியே நம்பிவிடுவது. 1997ஆம் வருட அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சம்பளத்தைத் திருப்பிக் கேட்க ஒரே ஒரு காரணத்தைத்தான் அனுமதிக்கிறது: கணக்கிட்டதில் பிழை நேர்ந்து கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். முதலாளி தெரிந்தே கொடுத்த போனஸைப் பின்னால் மனம் மாறிக் கேட்பது கணக்குப் பிழை ஆகாது. சம்பளப் பதிவேடுகளை 3 வருடம் வைத்திருக்க வேண்டியதும் அவர்கள் பொறுப்பு.

அத்தை மகளுக்கு வந்த கணக்குத் தாளில் இரண்டு இனங்கள் இருந்தன. 14 ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒன்றரை மடங்கு கொடுக்காமல் இரட்டைச் சம்பளம் கொடுத்துவிட்டோம், வித்தியாசம் 3,360 ரேண்ட் என்றது முதல் இனம். வேலைக்கு வராத இரண்டு ஞாயிறுகளுக்கும் சம்பளம் போய்விட்டது, அது 1,920 ரேண்ட் என்றது இரண்டாவது. அவள் பே ஸ்லிப்புகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. சட்டம் சொல்லும் வருமான வரம்புக்குள் இருப்பவர், வழக்கமாக ஞாயிறன்று வேலை இல்லாதவராக இருந்தால், அன்று வரவழைத்ததற்கு இரட்டைச் சம்பளம்தான். ஞாயிறும் வழக்கமான வேலைநாளாக உள்ளவருக்குத்தான் ஒன்றரை மடங்கு. அவளுடைய ஒப்பந்தத்தில் திங்கள் முதல் சனி வரை என்று தெளிவாக இருந்தது. ஆகவே 3,360 ரேண்ட் அவளுடைய உழைப்புக்கு உரிய கூலி. மற்ற 1,920 உண்மையிலேயே தவறிப் போன பணம். அதை மறுக்க நாங்கள் நினைக்கவில்லை.

அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. வரியும் யூஐஎஃப்பும் (வேலையின்மைக் காப்பீட்டு நிதிக்கான பிடித்தம்) பிடித்தது போக மிச்சம்தானே கைக்கு வந்தது? பலர் இதைப் பார்க்காமல், பிடித்தம் போன தொகையையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். சரி, முழுத் தொகையையும் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், வரி கட்டிய வருமானத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு வரிக் கணக்கில் கழிவு கேட்கலாம்.

சிலர் இதற்கு நேர்மாறாக, வருவது எதையும் பிரிக்காமல் மேசைமேல் போட்டுவிடுவார்கள். முதலாளியோ வக்கீலோ அனுப்பும் கோரிக்கைக் கடிதம் வேறு, ஷெரிஃப் என்ற நீதிமன்ற அலுவலர் கொண்டுவரும் சம்மன் வேறு. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றச் சம்மன் வந்தால், எதிர்த்து வழக்காடப் போவதாக 10 நீதிமன்ற வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விட்டால் உங்களைக் கேட்காமலே தீர்ப்பு வாங்கிவிடலாம். ஆனால் போலீஸைக் கூப்பிடுவோம், ஜெயிலில் போடுவோம் என்று மிரட்டினால் நடுங்க வேண்டாம். கடன் கட்ட முடியாததற்காகச் சிறையில் போடும் வழக்கத்தை 1977ஆம் வருடச் சட்டமே நீக்கிவிட்டது.

பென்ஷன் பணத்தில் பிடித்துக்கொள்வோம் என்றும் சொல்வார்கள். திருட்டு, மோசடி போன்ற குற்றத்தால் வந்த இழப்பு என்றால் அதற்கு வழியுண்டு, அதுவும் எழுத்தில் ஒப்புதலோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால்தான். அவர்களே செய்த கணக்குப் பிழைக்கு அது பொருந்தாது. அரசு வேலையில் இருப்பவர்கள் 2017ஆம் வருட உபோகு வழக்கைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஊழியரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அரசுத் துறை தானாகவே சம்பளத்தில் பிடிக்க இடம் கொடுத்த சட்டப் பிரிவு செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் அதில் சொன்னது.

அத்தை மகள் விஷயத்தில், கணக்கைப் பார்க்காமல் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை ஒப்புதலாகக் கொள்ளக்கூடாது என்று முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. நல்லவேளையாக அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு ஞாயிறுகளுக்கும் அவள் கைக்கு வந்த அளவை மட்டும் கட்டினாள். அப்புறம், இனி பாக்கி எதுவும் இல்லை என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதி வாங்கினோம். அந்தத் தாளும் இப்போது பிஸ்கட் டின்னில்தான் இருக்கிறது.