பேக்கரி மேசையில் ஃபுட்பால் பேசுவது எப்படி

திருப்பூரில் ஃபுட்பால் பேச நாலு பேரைச் சேர்க்க வேண்டுமென்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் இரவு எட்டரைக்கு முடியும். இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தொடங்கும் பிரீமியர் லீக் ஆட்டம் நமக்கு ஏழரை. பஞ்ச் வைத்துவிட்டு வண்டியை எடுக்கும்போது இரண்டாம் பாதி தொடங்கிக்கொண்டிருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதிலிருந்து மார்ச் கடைசி ஞாயிறு வரை அதே ஆட்டம் நமக்கு எட்டரைக்கு. அந்த ஐந்து மாதம்தான் எங்கள் செட்டுக்குப் பொற்காலம். வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று மணி ஆட்டங்களை இங்கிலாந்துக்காரர்கள் டிவியில் பார்க்க முடியாது. மைதானத்துக்குக் கூட்டம் வராமல் போய்விடும் என்று அந்த நேரத்தில் அங்கே ஒளிபரப்பத் தடை. பி.என். ரோட்டில் உட்கார்ந்துகொண்டு நாம் பார்க்கலாம்.

பேசுவதற்கு ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி சரியாக வரும். காலையில் வைத்தால் பாதிப் பேர் கறிக்கடை வரிசையில் நிற்பார்கள். இடம் பேக்கரிதான். ஆளுக்கு ஒரு டீயை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கடைக்காரர் முகம் மாறும். அதனால் நடுவில் ஒரு தேங்காய் பன்னோ எக் பப்ஸோ சொல்லிவிடுங்கள். ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள், மேசை இரண்டாகப் பிரிந்துவிடும்.

எங்கள் ஐந்து பேரில் கட்டிங் மாஸ்டர் அண்ணன் லிவர்பூல். ஓவர்லாக் டைலர் தம்பி பார்சிலோனா. டையிங் பட்டறைகளுக்கு கெமிக்கல் போடுகிறவர் மான்செஸ்டர் யுனைடெட். செக்கிங்கில் இருக்கும் வங்காளத்துப் பையன் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால். நான் எவர்டன். காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் கோபுரம் போட்ட நீல டிஷர்ட் ஒன்றை எடுத்தேன். அது எந்த அணி என்று அப்புறம்தான் விசாரித்தேன். விசாரித்திருக்கவே கூடாது.

உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் என்ன பார்த்தோம் என்று சொல்லிவிட வேண்டும். முழு ஆட்டமா, இரண்டாம் பாதி மட்டுமா, செல்போனில் துண்டு வீடியோவா? இதில் வெட்கம் ஒன்றுமில்லை. துண்டு பார்த்தவர் கேள்வி கேட்கலாம், ‘அந்த டிஃபெண்டர் வேஸ்டுங்க’ என்று தீர்ப்பு மட்டும் சொல்லக்கூடாது. முப்பது விநாடி வீடியோவில் டிஃபெண்டர் செய்த ஒரே தப்புதான் இருக்கும், மீதி நேரம் அவர் தடுத்தது எதுவும் இருக்காது. இந்த ஒரு சட்டத்தாலேயே எங்கள் மேசையில் சத்தம் பாதியாகக் குறைந்தது.

அடுத்தது, தோற்ற அணிக்காரர் முதலில் பேச வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை பார்சிலோனா மோசமாகத் தோற்ற மறுநாள், டைலர் தம்பி வண்டியை நிறுத்துவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். கடை முழுக்கச் சிரித்தது. தம்பி டீயைக் குடித்து முடித்து, ‘வர்றனுங்கண்ணா’ என்று எழுந்து போனவர் மூன்று வாரம் வரவில்லை. நம் ஊரில் கோபம் அப்படித்தான், ‘ங்க’ போட்டே கதவைச் சாத்திவிடுவார்கள். தோற்றவர் தன் அணியைத் தானே திட்டி முடித்த பிறகு நாம் சேர்ந்துகொண்டால் அவருக்கு வலிக்காது.

ஆஃப்சைடு சண்டைக்கு டீ கிளாஸ்கள் போதும். மேசை விளிம்பு கோல் லைன். அதற்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் கோல்கீப்பர், சற்று தள்ளி இன்னொன்று டிஃபெண்டர். கூட ஆடுகிறவர் பந்தை அடிக்கும் நொடியில், எதிரணிப் பாதியில் நிற்கும் தாக்குகிறவரின் தலை, உடம்பு, கால் ஏதாவது ஒன்று பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் (நம் மேசையில் அந்த டிஃபெண்டர் கிளாஸ்) தாண்டி கோல் லைன் பக்கம் இருந்தால் அது ஆஃப்சைடு நிலை. கை கணக்கில் வராது. பப்ஸைத்தான் பந்தாக வைப்போம். விஏஆர், அதாவது வீடியோ பார்த்து தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை, பிரீமியர் லீக்குக்கு வந்த 2019-20 சீசனில் இருந்தே கட்டிங் மாஸ்டர் அண்ணனுக்கு ஒரே கேள்வி: “ஏனுங்க, ஆர்ம்ஹோல்ல அரை சென்டிமீட்டர் கூடக் கொறைய இருந்தா பையரே டாலரன்ஸ்னு விட்டுடறான். கால் நகம் வெளிய இருந்தா கோல் இல்லீங்களா?” அவருக்கும் ஒரு பதில் உண்டு. 2021-22இல் பிரீமியர் லீக், ஆஃப்சைடு பார்க்கத் திரையில் போட்ட கோடுகளைத் தடிப்பாக்கியது இதற்காகத்தான். இரண்டு கோடும் ஒட்டி விழுந்தால் சந்தேகத்தின் பலன் தாக்குகிறவருக்கு என்று வைத்தார்கள். டாலரன்ஸ் என்று பனியன் கம்பெனித் தமிழில் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது.

பணம் பற்றிப் பேசும்போது புள்ளிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் எவர்டனுக்கு 10 புள்ளி வெட்டினார்கள். அனுமதித்த அளவுக்கு மேல் நஷ்டம் காட்டியதுதான் குற்றம். அப்போது மூன்று வருட நஷ்டத்துக்கு 10.5 கோடி பவுண்டுதான் உச்சவரம்பு. காலையில் 14ஆம் இடத்தில் இருந்த அணி, சாயங்காலம் நாலு புள்ளியோடு 19ஆம் இடத்தில். அப்பீலில் தண்டனை 6 ஆனது, பிறகு வேறொரு வழக்கில் இன்னும் 2 போனது. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கும் அதே சீசனில் 4 வெட்டினார்கள். கெமிக்கல்காரர், “கணக்குல தப்புப் பண்ணுனது ஆபீஸ், அபராதம் கட்டுறது ஆடுறவன்” என்றார். யுனைடெட்காரர் வாயிலிருந்து வந்த ஒரே நியாயமான பேச்சு அது.

ஐரோப்பாவையே பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள், நம் ஊர்க் கதைக்குக் கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். எங்களுக்கு அது 2019 மார்ச் 9. கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம், இந்திய அணிகள் ஆடும் ஐ-லீக்கின் கடைசி நாள். சென்னை சிட்டி எஃப்சிக்கு அப்போது அதுதான் சொந்த மைதானம். ஜெயித்தால் கோப்பை. எதிரணி மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில், கோப்பைக்குப் போட்டியில் இருந்த ஈஸ்ட் பெங்கால் கோகுலம் அணியோடு ஆடிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதியில் பெனால்டியில் சென்னை சிட்டியின் பெட்ரோ மான்சி சமன் செய்தார், அந்த சீசனில் அவருக்கு 21 கோல். பிறகு கௌரவ் போரா இரண்டு போட, 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42, ஒரே புள்ளியில் கோப்பை. அன்று இரவு காந்திபுரத்திலிருந்து திருப்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலித்ததாக ஞாபகமே இல்லை.

வங்காளத்துப் பையன் முதன்முதலில் எங்கள் மேசைக்கு வந்தபோது இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் இந்தி கலந்து, “அண்ணா, அன்னிக்கு எங்க வீட்ல யாரும் சாப்பிடல” என்றான். சட்டப்படி அவனைத்தான் முதலில் பேச விட்டிருக்க வேண்டும்.

அந்த சாம்பியனுக்கு இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐஎஸ்எல்லில் இடம் கிடைக்கவில்லை. ஐ-லீக்கில் ஜெயித்தால் மேலே போகலாம் என்ற வழி 2022-23 சீசனில்தான் திறந்தது, பஞ்சாப் அணி போனது. சென்னை சிட்டியோ 2020-21க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லை. மேலே இருக்கும் லீக்கும் நிம்மதியாக இல்லை. லீக்கை நடத்தும் கம்பெனியோடு இந்திய ஃபுட்பால் சம்மேளனம் 2010இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்று தெரிந்தும், அடுத்ததைப் பேசி முடிக்காமல் விட்டார்கள். செப்டம்பரில் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் 2026 பிப்ரவரியில்தான் தொடங்கியது, அதுவும் சுருக்கி. ஷிப்மென்ட் தேதி தெரிந்தும் துணி ஆர்டர் போடாத கம்பெனி மாதிரி. இந்தப் பேச்சை எடுக்கும்போது ஐந்து பேரும் ஒரே கட்சியாகிவிடுவோம், அதனால் எவ்வளவு சூடான நாளிலும் இதைக் கடைசிக்கு வைப்பது நல்லது.

அப்புறம், டீக்காசு. அந்த வாரம் ஜெயித்த அணிக்காரர்கள் பகிர்ந்து கொடுக்க வேண்டும், தோற்றவருக்கும் டிரா செய்தவருக்கும் இலவசம். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். எவர்டன்காரனுக்கு வேறு என்ன வருமானம் இருக்கிறது?