நீலகிரியில் நிதி திரட்ட ஓடப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

42.195 கிலோமீட்டரைத் தாண்டினாலே அது அல்ட்ரா மாரத்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் 50 கி.மீ. ஓடி ஒரு நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட நினைப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ஓடும் நாளுக்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது. "ஓடி முடித்தால் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் கொடுங்கள்" என்று கேட்டுவிடுகிறார்கள். அப்புறம் 38-வது கிலோமீட்டரில் முழங்கால் வீங்கினாலும், குளிரில் நடுங்கி நாக்கு குழறினாலும் நிற்க மனசு வராது. ஆகவே நன்கொடையை ஓடி முடிப்பதோடு முடிச்சுப் போடாதீர்கள். "நான் பாதியில் நின்றாலும் பணம் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்" என்று முதல் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்.

பணத்தைச் சொந்த ஜிபே எண்ணில் வாங்க வேண்டாம். அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் போனால்தான் கொடுத்தவர் பெயரில் ரசீது வரும், 80ஜி பதிவுள்ள அறக்கட்டளையென்றால் அவருக்கு வருமான வரிச் சலுகையும் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இல்லை. இதைக் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர் அனுப்பும் பணத்தை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே வாங்கலாம். ஷூ, அறை வாடகை, நுழைவுக் கட்டணம் எல்லாம் உங்கள் கைக்காசுதான்.

இனி மலை. சமதளத்து வேகத்தை அப்படியே கணக்குப் போடுவது சென்னை, கோவையிலிருந்து வருபவர்களின் வழக்கமான பிழை. 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 1,500 மீட்டர் ஏற்றமுள்ள 50 கி.மீ. பாதை, கால்களுக்கு 65 கி.மீ. மாதிரி. மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. ஊட்டியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. முடிந்தால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்த் தங்குங்கள். ஏற்றத்தில் முழு வாக்கியம் பேச முடியவில்லையென்றால் நடையாக மாறிவிடுங்கள். அனுபவமுள்ளவர்களும் அங்கே நடக்கத்தான் செய்கிறார்கள்.

ஏற்றத்துக்குப் பயப்படுபவர்கள் இறக்கத்தை மறந்துவிடுகிறார்கள். அதிகம் அடிபடுவது இறக்கத்தில்தான். தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால், தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். 30 கி.மீ. தாண்டியதும் கால் மடங்கத் தொடங்குவது இதனால்தான். எட்டு வாரம் முன்பிருந்தே வாரம் ஒருமுறை இறக்கத்தில் ஓடிப் பழகுங்கள், முதலில் 3 கி.மீ. போதும். மலை இல்லாத ஊரென்றால் மேம்பாலமும் மாடிப்படியும் கைகொடுக்கும். கடைசி நீண்ட இறக்கப் பயிற்சி, போட்டிக்கு மூன்று வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஓடும்போது காலடிகளைச் சிறிதாக வையுங்கள், குதிகாலை ஊன்றிப் பிரேக் பிடிக்காதீர்கள்.

குளிரில் வியர்ப்பது தெரியாது என்று பயந்து வெறும் தண்ணீரை மடமடவென்று குடிப்பது உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் வரும். அதை நீர்வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். தாகத்துக்குக் குடியுங்கள், பெரும்பாலானவர்களுக்கு மணிக்கு 400 முதல் 600 மில்லி போதும். ஓஆர்எஸ் பொடியை உறையில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் (ஒரு லிட்டர் உறையும் உண்டு, 200 மில்லி உறையும் உண்டு) மட்டுமே கரையுங்கள். சாப்பாட்டில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். ஒரு வாழைப்பழமும், உப்புத் தொட்ட 100 கிராம் வேகவைத்த உருளைக்கிழங்கும் சேர்ந்தால் ஏறத்தாழ 45 கிராம். பசிக்கும் வரை காத்திருக்காமல் முதல் 45 நிமிடத்திலேயே தொடங்குங்கள். கடலை மிட்டாயில் கொழுப்பு அதிகம், ஓடும்போது வயிற்றில் கனமாக நிற்கும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்தின் நடுவே போடவே கூடாது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

உதவிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு, நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். 2024 மே மாதம் தொடங்கிய நடைமுறை இது. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், திரும்ப நிரப்பும் பாட்டில்களைக் கொண்டு வரச் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பாதையில் விடியற்காலையில் காட்டெருமை நின்றால் சுற்றிக்கொண்டு ஓட வேண்டாம், டார்ச்சை முகத்தில் அடிக்கவும் வேண்டாம். தூரத்திலேயே நின்று, அது விலகிய பிறகு போங்கள். காட்டுக்குள் போகும் பாதைக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். ஜனவரியில் உறைபனி விழும், அக்டோபர், நவம்பரில் மண்சரிவு வரும். நாள் குறிப்பதற்கு முன்பே இதையெல்லாம் யோசித்துவிடுங்கள்.

முடித்ததும் ஈர உடையோடு போட்டோவுக்கு நிற்காமல் உடனே மாற்றிவிடுங்கள். அடுத்த இரண்டு நாளில் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மொத்தம் எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் அறக்கட்டளையில் சேர்ந்தது, எதற்குச் செலவாகும் என்ற கணக்கை, பணம் கொடுத்த எல்லோருக்கும் இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள், 50 ரூபாய் கொடுத்தவர் உட்பட.