ஆறு சிலிண்டர் காருக்கு எக்ஸாஸ்ட் மாற்றுவது எப்படி? முதலில் நடுக்குழாயைத் தொடாதீர்கள்

என்னிடம் இருப்பது 2002 மாடல் பிஎம்டபிள்யூ 330ஐ, ஈ46 தலைமுறை. 3 லிட்டர் எம்54 இன்ஜின், 231 குதிரைத்திறன், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில். இன்ஜினுக்கு நல்ல குரல் உண்டு. ஆனால் கம்பெனி சைலன்சர் அதைப் போர்வை போட்டு மூடிவைத்திருந்தது. அந்தப் போர்வையை விலக்க எனக்கு எட்டு மாதம் ஆனது, இரண்டு முறை பணம் போனது. உங்களுக்கு ஒரு சனிக்கிழமையில் முடிந்துவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: குரல் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள்

இந்த இன்ஜினில் தீப்பொறி விழும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு குழாயில் போகும், பின் மூன்றின் புகை இன்னொன்றில். வரிசையை மறுபடி பாருங்கள்: முன், பின், முன், பின் என்று மாறி மாறி வரும். அதாவது இன்ஜின் 240 டிகிரி சுற்றினால்தான் ஒரு குழாயில் அடுத்த துடிப்பு வரும். ஒரு குழாயை மட்டும் தனியே கேட்டால் மாருதி 800 போல மூன்று சிலிண்டர் துடிப்புதான். இரண்டும் கலந்து 120 டிகிரிக்கு ஒரு துடிப்பாகும்போதுதான் நாம் ஆசைப்படும் அந்தப் பட்டுக்குரல் கிடைக்கிறது.

வி6 காரிலும் (வி வடிவில் பக்கத்துக்கு மூன்று சிலிண்டர்) இதே கதைதான். இரண்டு பக்கமும் எங்கேயும் சேராமல் கடைசிவரை தனித்தனியே ஓடும் எக்ஸாஸ்டில் கரகரப்பு அதிகம். எக்ஸ் வடிவத்தில் இணைத்தால் குறையும்.

படி 2: வண்டியின் பதிவுத்தாளை எடுங்கள்

நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். இங்கே பதிவுத்தாளில் யு.1 என்ற இடத்தில் வண்டி நிற்கும்போது எத்தனை டெசிபல் என்றும், யு.2-இல் அதை எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) அளக்க வேண்டும் என்றும், யு.3-இல் ஓடும்போது எத்தனை என்றும் அச்சாகியிருக்கும். வாங்கும் சைலன்சரில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் அனுமதி தந்த நாட்டின் எண்ணும் பொறித்திருக்க வேண்டும்: 1 என்றால் ஜெர்மனி, 3 இத்தாலி, 12 ஆஸ்திரியா. சில சைலன்சர்களில் செவ்வகத்துக்குள் சிறிய ஈ இருக்கும், அதுவும் செல்லும். கூட வரும் சான்றிதழில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

படி 3: நடுக்குழாய், நான் தவறிய இடம்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சத்தம் கூட வேண்டும் என்று முதலில் நான் செய்தது, காருக்கு நடுவில், நடுக்குழாயில் இருந்த ரெசொனேட்டரை (குரலைச் சீராக்கும் டப்பா) வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் வெல்டிங் வைத்தது. வேலை செய்த பட்டறையில் "சும்மா டப்பாதான் சார், தேவையில்லை" என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். அன்று மாலை சந்தோஷமாக இருந்தது. அடுத்த நாள் ஆட்டோபானில் (ஜெர்மனியின் விரைவுச்சாலை) ஏறி 120 கி.மீ. வேகத்தில் வைத்தேன். ஐந்தாம் கியரில் அது ஏறக்குறைய 3000 ஆர்பிஎம். காதுக்குள் பூம்ம்ம் என்று ஒரே ஸ்ருதியில் அடைத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் மனைவிக்குத் தலைவலி. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது போல் கரகரப்பு. போதாததற்கு, அப்படி வெட்டிய காருக்கு இங்கே சாலையில் ஓடும் அனுமதியே செல்லாது என்பது ஆய்வு மையத்தில் திருப்பி அனுப்பியபோதுதான் தெரிந்தது.

இந்தப் பூம் எங்கிருந்து வருகிறது? 3000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 50 சுற்று, சுற்றுக்கு மூன்று துடிப்பு, ஆக 150 ஹெர்ட்ஸ். காரின் உட்பகுதி அந்த அளவுத் தாழ்ந்த ஸ்ருதிக்கு நன்றாக அதிரும். கரகரப்பு அதற்கு மேலே உள்ள உயர் ஸ்ருதிகள். ரெசொனேட்டருக்குள் துளையிட்ட குழாயும் அதைச் சுற்றிய கண்ணாடி இழையும் இந்த உயர் ஸ்ருதிகளைத்தான் உறிஞ்சுகின்றன. குரலைச் சலிக்கும் சல்லடை அது. அதை எடுத்ததும்தான் எனக்குப் பூம்மும் வந்தது. வெட்டாதீர்கள். நான் பழைய கம்பெனி நடுக்குழாயைத் தேடி வாங்கி, மறுபடி மாட்டினேன்.

படி 4: பின் சைலன்சர்

நடுக்குழாய் கம்பெனியுடையது, பின் சைலன்சர் மட்டும் புதிது. தொடங்குபவர்களுக்கு இதுதான் என் முடிவான பரிந்துரை. பிஎம்டபிள்யூவின் வரிசை ஆறுக்கு என் முதல் விருப்பம் ஐசன்மான். அடுத்து இத்தாலியின் சூப்பர்ஸ்பிரிண்ட், ஆஸ்திரியாவின் ரெமுஸ். துருப்பிடிக்காத எஃகுதான் வேண்டும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்பு போடுகிறார்கள், சாதா எஃகு தாங்காது. வால்குழாய் எத்தனை அங்குலம் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பார்வைக்கு மட்டும்.

வீடியோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். போன் மைக் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கிவிடும், தாழ்ந்த ஸ்ருதியைச் சரியாகப் பிடிக்காது. பூம் வீடியோவில் கேட்கவே கேட்காது. அதே சைலன்சர் போட்ட ஒருவரைத் தேடிப் பிடித்து, அவர் காரின் பின்சீட்டில் உட்கார்ந்து 100-இலும் 130-இலும் போய்ப் பாருங்கள். பின்சீட்டில்தான் பூம் பலமாகத் தெரியும்.

படி 5: மாட்டுதல்

காரைத் தூக்கி ஸ்டாண்டு வைப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முந்தைய இரவே துருப்பிடித்த நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிடுங்கள். சைலன்சரைத் தாங்கும் ரப்பர்களைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கேஸ்கெட்டும் நட்டும் புதிதாகப் போடுங்கள். எல்லாவற்றையும் தளர்வாக மாட்டி, பம்பரிலிருந்து வால்குழாய்க்குச் சம இடைவெளி வந்த பிறகே இறுக்குங்கள். சூட்டில் குழாய் நீளும். இடம் விடவில்லையென்றால் பம்பரில் தட்டும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவருக்கு, மாட்டியதும் ஐடில் (கார் நிற்கும்போது இன்ஜின் ஓடும் ஓட்டம்) தடுமாறியது. 330ஐ-யின் கம்பெனி சைலன்சரில் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு மடல் உண்டு. புது சைலன்சரில் அது இல்லையென்றால் கழற்றிய சின்ன ரப்பர் ஹோஸின் வாயை அடைக்க வேண்டும். அவர் திறந்தே விட்டிருந்தார். எனக்குப் பழகிப்போனதால் எழுத விட்டுவிட்டேன், மன்னிக்கவும்.

இன்னொன்று கனடாவிலிருந்து. என் மச்சான் அங்கே தன் 330ஐ-யில் பூம்மைக் கொல்ல, ஒரு முனை அடைத்த கிளைக்குழாயை வெல்டிங் வைத்தான். அதன் நீளம், ஒலியின் வேகத்தை நான்கு மடங்கு ஹெர்ட்ஸால் வகுத்தால் வரும். அவன் காற்றில் ஒலியின் வேகம் 343 மீட்டர் என்று போட்டு 57 செ.மீ. வெட்டினான். பூம் அசையவில்லை. குழாய்க்குள் இருப்பது சூடான புகை, அதில் ஒலி வேகமாகப் போகும். 150 டிகிரி என்று வைத்தாலே வேகம் 410-ஐத் தாண்டும், நீளம் 70 செ.மீ.க்கு அருகே வந்துவிடும். முனையில் நகரும் மூடி வைத்து 70-லிருந்து மெல்ல மெல்லத் தள்ளிப் பார்த்தான். 72-இல் பூம் அடங்கியது. ஜெர்மனியில் இதைச் செய்தால் தனி ஆய்வும் அனுமதியும் வேண்டும், அதனால் நான் செய்யவில்லை.