காலபோக நெல்லை அடுத்த தை வரை கெடாமல் வைத்திருப்பது எப்படி

இலங்கைக்கு ஆண்டு முழுவதற்குமான அரிசி இரண்டு தவணையில் வந்து சேர்கிறது. காலபோகம் (மற்றப் பக்கங்களில் பெரும்போகம்) தை முதல் பங்குனி வரையிலும், சிறுபோகம் ஆவணி, புரட்டாதியிலும் களத்துக்கு வரும். கார்த்திகை, மார்கழியில் கையிருப்பு வடிந்துவிடும். 2024 டிசெம்பரில் நாட்டரிசிக்கு (சம்பா அல்லாத, அன்றாடச் சாப்பாட்டு அரிசி) தட்டுப்பாடு வந்து, இறக்குமதியைத் திறந்துவிட வேண்டி வந்ததும் இந்த இடைவெளியில்தான். யாழ்ப்பாணத்து மானாவாரி வயல்களுக்குச் சிறுபோகமே கிடையாது. ஒரு வெள்ளாமை பன்னிரண்டு மாதமும் தாங்க வேண்டும்.

முதலில் எவ்வளவு வைப்பது என்று கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 110 கிலோ அரிசி வேண்டும். ஐந்து பேருக்கு 550 கிலோ. ஊர் ஆலையில் 100 கிலோ நெல் குற்றினால் 62 முதல் 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே 870 கிலோ நெல், அதாவது 42 புசல் (புசல் 20.9 கிலோ). கழிவுக்கு 3 புசல் கூட்டிக்கொள்ளுங்கள். விதைநெல் இதில் சேராது. விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் தனியே ஒதுக்க வேண்டும்.

மெசினால் வெட்டிய நெல்லில் 20 முதல் 24 வீதம் ஈரப்பதன் இருக்கும். அதைச் சாக்கோடு ஓர் இரவு அடுக்கிவைத்தாலே உள்ளே சூடேறும். இரண்டு நாளில் அரிசி மஞ்சள் பற்றும், பிறகு எவ்வளவு காயவைத்தாலும் அந்த நிறம் போகாது. வெட்டிய 24 மணித்தியாலத்துக்குள் பரவிவிடுங்கள். வெயில் இல்லாவிட்டாலும் சாக்கை அவிழ்த்து, கூரைக்குக் கீழே மெல்லியதாகக் கொட்டிவைப்பது மேல்.

சீமெந்துத் தளத்திலோ படங்கிலோ 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்பில் பரவி, அரை மணிக்கொரு தடவை கிளறுங்கள். இன்னும் மெல்லியதாகப் பரவினால் நெல் சட்டென்று சூடாகி உள்ளே அரிசி வெடிக்கும். உமி மூடியிருப்பதால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. குற்றும்போது குறுணலாகக் கொட்டும்போதுதான் விளங்கும். உச்சி வெயிலில் இரண்டு மணித்தியாலம் குவித்து மூடிவைத்து, மீண்டும் பரவினால் வெடிப்புக் குறையும். தார் றோட்டில் காயப்போடுவது வழக்கம்தான், ஆனால் மதியத்துத் தார் நெல்லுக்கு அளவுக்கு மீறிய சூடு, வாகனச் சில்லும் ஏறும், கல்லும் சேரும். காய்ந்த நெல் மழையில் நனைவது ஈர நெல் நனைவதைவிடக் கேடு, ஏனென்றால் காய்ந்த மணி நீரை இழுத்துப் பிளக்கும். மாசியில் திடீர் மழை புதிதல்ல. மூடுவதற்கான படங்கைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

சாப்பாட்டு நெல்லில் ஈரம் ஆறேழு மாதத்துக்கு 14 வீதம், ஓராண்டுக்கு 13, விதைநெல்லில் 12 முதல் 13 வரை இருக்கலாம். ஈரம் அளக்கும் மீற்றர் இல்லாதவர்கள் கண்ணாடிப் போத்தலையும் உப்பையும் நம்பலாம். வறுத்து ஆறிய உப்புத்தூள் மூன்று கரண்டியை உலர்ந்த போத்தலில் போட்டு, மூன்றில் ஒரு பங்குக்கு நெல் நிரப்பி, ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணித்தியாலம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 வீதத்துக்கு மேல். பல்லில் கடித்துப் பார்ப்பது பழகியவர்களுக்குச் சரி. 14ஐயும் 16ஐயும் பல் பிரித்துச் சொல்லாது.

காயவைத்துத்தான் விற்க வேண்டுமா என்பதையும் இங்கேயே தீர்மானிக்கலாம். 22 வீத ஈரத்தில் 1000 கிலோ, 14 வீதத்துக்கு வந்தால் 907 கிலோ. நெல் சந்தைப்படுத்தும் சபை 2025இல் 14 வீத நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. அந்த விலையில் காய்ந்த நெல்லுக்கு 108,840 ரூபா வரும். ஈர நெல்லைக் கிலோ 109 ரூபாவுக்கு யாராவது கேட்டால் காயவைக்கும் கூலியும் மிச்சம், கொடுத்துவிடுங்கள். வழமையாக அப்படி யாரும் கேட்பதில்லை.

காய்ந்ததைத் தூற்றிப் பதர், வைக்கோல் துண்டு, களைவிதை எல்லாம் போக்குங்கள். தூசியும் உடைந்த மணியும் பூச்சிக்குத் தொடக்கத் தீனி. வெயில் சூட்டோடு மூடை கட்டாதீர்கள். கட்டினால் இரவில் உட்புறம் வியர்த்து மேல் நெல் பூஞ்சணம் பிடிக்கும். பழைய சாக்குகளை உட்புறம் வெளியே புரட்டி, கொதிநீரில் முக்கி, நன்றாக உலர்த்திய பின்பே நிரப்புங்கள். போன ஆண்டுப் பூச்சி பெரும்பாலும் தையலுக்குள்தான் தங்கியிருக்கும். அடுக்கும் பலகை நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்திலும், மூடைகள் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளியும் இருக்கட்டும். நடந்துபோய்ப் பார்க்க இடமில்லாத அடுக்கில் எலி குடியிருப்பது மாதம் கழித்துத்தான் தெரியவரும். கொம்பறை (நெல் கொட்டிவைக்கும் கூடு) வைத்திருப்பவர்கள் சாணி மெழுகலில் வெடிப்பு இருந்தால் நெல் கொட்டுமுன் பூசி அடையுங்கள்.

நெல்லில் இரண்டு பூச்சிதான் பெரிய தொல்லை. அந்துப்பூச்சி மேற்பரப்பு நெல்லில் முட்டையிடும், ஆழத்துக்குப் போகாது; ஆகையால் பரந்த குவியலைவிட நெருக்கி அடைத்த கொம்பறையில் சேதம் குறைவு. மணி துளைக்கும் சிறு வண்டு எந்த ஆழத்துக்கும் போகும். காற்றுப் புகாத உட்பையில் 14 வீதத்துக்குக் குறைந்த நெல்லை நிரப்பி இறுக முறுக்கிக் கட்டினால், உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பூச்சி தானே சாகும். ஒரு சின்ன ஓட்டை இருந்தாலும் பலனில்லை. ஈர நெல்லை அடைத்தால் புளித்த மணம் வரும். வேப்பிலை ஓரளவு விரட்டும், கொல்லாது. குடியிருக்கும் வீட்டில் புகையூட்டும் மாத்திரையை வைக்கவே வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு மனிதரையும் கொல்லும்.

இரண்டு கிழமைக்கொரு தடவை மூடைக்குள் முழங்கை வரை கையை விடுங்கள். சூடு தட்டினால் அன்றைக்கே கொட்டி மறுபடி காயப்போடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குற்றுங்கள். தவிடு நிற்கும் சிவப்பரிசி சில கிழமையில் சிக்கு மணம் அடிக்கும், உமியோடு இருக்கும் நெல்லுக்கு அது இல்லை.

விதைநெல்லை அறுத்த கையோடு சோதித்தால் முளைக்காது, சில கிழமை உறக்கம் இருக்கும். ஆவணியில் 100 மணியை ஒரு நாள் ஊறவைத்து ஈரச் சாக்கில் சுற்றி, ஏழு நாள் ஈரம் காயாமல் பாருங்கள். 85க்கு மேல் முளைத்தால் விதைக்கலாம். 70 அளவில் நின்றால் அதை ஆலைக்கு அனுப்பிவிட்டு, புரட்டாதி பிறக்குமுன் கமநல சேவை நிலையத்தில் விதைநெல்லுக்குச் சொல்லிவையுங்கள்.