தொரின் பெயரில் தோர் இல்லை: ஃபேன்டஸி பெயர்களின் வேரைத் தேடும் வழி

ஃபேன்டஸி பெயர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் "அது பழைய ஸ்காண்டிநேவியரின் நார்ஸ் புராணத்திலிருந்து வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவே போதாது. எந்த நூல், எந்த இடம், அங்கே அந்தப் பெயர் யாருடையது, இவை மூன்றும் தெரிந்த பிறகுதான் வேரைக் கண்டுபிடித்ததாக ஒப்புக்கொள்வேன். நான் தேடும் முறையை ஆங்கில ஃபேன்டஸி எழுத்தாளர் டோல்கினின் குள்ளர்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில், பெயரை அதன் மூலமொழி வடிவில் தேடிப் பிடியுங்கள். உயிரெழுத்து குறிலா நெடிலா என்று கட்டாயம் பாருங்கள். அவருடைய 'தி ஹாபிட்' நாவலில் குள்ளர் தலைவன் பெயர் தொரின். கேட்டதும் இடிக்கடவுள் தோர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார். ஆனால் பழைய நார்ஸ் மொழியில் கடவுளின் பெயரில் இருப்பது நெடில்; குள்ளனின் பெயரில் குறில். துணிவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயர் அது: துணிந்தவன். ஆங்கில எழுத்தில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. கொடு, கோடு என்று பிரித்தே பேசிப் பழகிய நாம் இதைத் தவறவிடக் கூடாது.

அடுத்து, எழுதியவர் எதைப் படித்தவர் என்று விசாரியுங்கள். டோல்கின் 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன், அதாவது பழைய ஆங்கிலப் பேராசிரியர். நாவல் 1937இல் வெளிவந்தது. மறு ஆண்டே 'அப்சர்வர்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், குள்ளர் பெயர்களும் மந்திரவாதி கேண்டால்ஃபின் பெயரும் எட்டா என்ற பழைய நார்ஸ் புராணப் பாடல்களிலிருந்து எடுத்தவை என்று அவரே சொல்லிவிட்டார். இப்படி ஒரு வாக்குமூலம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதனால் இந்தக் கட்டத்தில் கடிதங்களையும் பேட்டிகளையும்தான் நான் முதலில் புரட்டுவேன்.

அதோடு நின்றுவிடாமல் மூலப் பாடலுக்கே போய்விடுங்கள். ருசியே அங்கேதான் இருக்கிறது. எட்டா பாடல்களைக் காத்துத் தந்த முக்கியமான ஏடு, 1270களில் ஐஸ்லாந்தில் எழுதப்பட்ட 'கோடெக்ஸ் ரீஜியஸ்'. அதன் முதல் பாடல் 'வோலுஸ்பா'. உலகம் தோன்றியதையும் அழியப்போவதையும் ஒரு குறிசொல்லி பாடுவதாக அமைந்தது. நடுவே குள்ளர் பெயர்கள் மட்டும் வரிசை வரிசையாக வருகின்றன: ஃபீலி, கீலி, நோரி, பொம்பூர், துவாலின். கதை எதுவும் கிடையாது, வெறும் பெயர்கள். தொரின் இருக்கும் செய்யுளிலேயே கண்டால்ஃபர் என்று ஒருவனும் நிற்கிறான். கோல் என்பதையும், குள்ளரிலிருந்து வேறான மாய இனமான எல்ஃப் என்பதையும் சேர்த்த பெயர்; கேண்டால்ஃப் என்பதன் மூலம் இதுதான். குள்ளர் கூட்டத்தில் எல்ஃப் பெயர் எப்படி வந்தது என்று யாருக்கும் கேள்வி எழும். டோல்கின் முதல் வரைவில் கேண்டால்ஃப் என்ற பெயரைக் குள்ளர் தலைவனுக்குத்தான் வைத்திருந்தார். மந்திரவாதிக்கு அப்போது பிளாடோர்தின் என்று பெயர். பிறகுதான் கோலேந்திய கிழவருக்கு அது போய்ச் சேர்ந்தது. தொரினின் பட்டப்பெயரான 'ஓக்கன்ஷீல்ட்' கூட, பாடலில் 'ஓக் கேடயக்காரன்' என்று தனியாக நிற்கும் இன்னொரு குள்ளன்தான். இரண்டு பேரை ஒருவனாக்கியிருக்கிறார். வேரைத் தேடும்போது இந்த மாற்றங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தாளரின் கைவண்ணம் தெரிவது அதில்தான்.

புராணத்தில் கிடைத்துவிட்டது என்று வரலாற்றை விட்டுவிடாதீர்கள். நார்வே அரசர்களின் கதைகளைச் சொல்லும் 'ஹெய்ம்ஸ்கிரிங்லா'வில் விங்குல்மார்க் பகுதியை ஆண்ட கண்டால்ஃபர் என்ற அரசன் வருகிறான். அவனுக்கு மந்திரமும் தெரியாது, கோலும் கிடையாது.

பட்டியலில் இல்லாததையும் சரிபாருங்கள். பதின்மூன்று குள்ளரில் பாலின் பெயர் மட்டும் 'வோலுஸ்பா'வில் இல்லை. பிரிட்டனின் பழங்கதை அரசன் ஆர்தரைப் பற்றிய கதைகளில் பாலின் என்ற வீரன் உண்டு. ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஒலியை மட்டும் நம்பி வேர் இதுவென்று எழுதிவிடாதீர்கள். நம் ஆட்களுக்கு இதில் அவசரம் அதிகம்.

ஆர்தர் கதை என்றதும் அதில் வரும் மந்திரவாதி மெர்லினைச் சொல்லாமல் முடியாது. அந்த வடிவத்தில் பெயரைப் பரப்பியது 1136 வாக்கில் ஜெஃப்ரி ஆஃப் மன்மத் லத்தீனில் எழுதிய நூல். வேல்ஸ் மொழியில் மிர்தின். அங்குள்ள கார்மார்தன் ஊருக்கு ரோமானியர் காலத்தில் மொரிதூனம், அதாவது கடற்கோட்டை என்று பெயர். அது மருவி மிர்தின் ஆனது. பொருள் மறந்துபோனதும் கோட்டை என்ற சொல்லை மறுபடி முன்னால் ஒட்டி 'மிர்தின் கோட்டை' என்றார்கள். மிர்தின் என்று ஓர் ஆள் இருந்ததாக எண்ணம் அப்படித்தான் உருவானது என்பது அறிஞர்கள் பலர் ஏற்கும் விளக்கம். அதனால் ஆள் பெயரைத் தேடும்போது ஊர்ப் பெயர் அகராதி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.