சேலம், ஏற்காட்டில் பாரோமீட்டர் அமைத்து வங்கக்கடல் தாழ்வைக் கவனிப்பது எப்படி?

புதுச்சேரிக் கரை சேலத்திலிருந்து நேர்கோட்டில் சுமார் 180 கி.மீ.தான். 2024 நவம்பர் 30 அன்று அங்கே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகு ஊத்தங்கரையிலும் ஏற்காட்டிலும் கொட்டித் தீர்த்தது. இப்படி ஒரு காற்றழுத்தத் தாழ்வு நெருங்குவதை வீட்டிலிருந்தே பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) காட்டும் எண்களில் பார்க்கலாம். எண்களைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாங்க வேண்டியவை

சென்சாரைப் படிக்க ஈ.எஸ்.பி.8266 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை) ஒன்று, காற்றழுத்தம் அளக்கும் பி.எம்.பி.280 சென்சார் ஒன்று, ஜம்பர் ஒயர் நான்கு. ஈரப்பதமும் வேண்டுமென்றால் பி.எம்.ஈ.280 வாங்குங்கள். ஆனால் பி.எம்.பி.யையே பி.எம்.ஈ. என்று விற்பவர்கள் உண்டு. மாட்யூலின் நடுவிலுள்ள உலோகச் சதுரத்தை உற்றுப் பாருங்கள்: பி.எம்.ஈ. 2.5 மி.மீ. சரிசதுரம், பி.எம்.பி. சற்றே நீள்சதுரம். பழைய பி.எம்.பி.180 இப்போது வேண்டாம்.

இணைப்பு

மின்சாரம் 3.3 வோல்ட் மட்டும். சென்சாரின் எஸ்.சி.எல். பின்னைப் போர்டின் டி1-லும், எஸ்.டி.ஏ. பின்னை டி2-லும் மாட்டுங்கள். "சென்சார் கிடைக்கவில்லை" என்று வந்தால் பெரும்பாலும் சென்சாரின் முகவரி எண்தான் காரணம். அடாஃப்ரூட் லைப்ரரி (சென்சாரைப் படிக்கும் ஆயத்த நிரல்) ஹெக்ஸ் 77-ஐத் (0x77) தேடும். மலிவு மாட்யூல்கள் 76-இல் இருக்கும். ஃபோர்ஸ்டு மோடு (கேட்கும்போது மட்டும் அளக்கும் முறை) வைத்து, நிமிடத்துக்கு ஓர் அளவீடு எடுத்தால் போதும். அளவீடுகளைச் சீராக்கும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் கோடை இடிமழையின்போது வரும் திடீர் அழுத்த ஏற்றம் மழுங்கிப்போகும்.

உயரம்: இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள்

சென்சார் காட்டுவது நீங்கள் இருக்கும் இடத்தின் அழுத்தம். சேலத்தில் (278 மீ.) அது 978 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு, மில்லிபாரும் இதுவே) போல இருக்கும், ஏற்காட்டில் (1,515 மீ.) 848 போல. கடற்கரை ஊர்களோடு ஒப்பிட இதைக் கடல்மட்டத்துக்கு மாற்ற வேண்டும்.

முதல் சிக்கல், உயரத்தையே தப்பாகக் கொடுப்பது. சில போன் செயலிகள் ஜி.பி.எஸ். தரும் நீள்கோள உயரத்தை (பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிட்டது) அப்படியே காட்டும். நம் பகுதியில் அது கடல்மட்ட உயரத்தைவிட 90 மீட்டர் அளவுக்குக் குறைவு. சேலத்தில் 9 மீட்டருக்கு ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பதால், 10 ஹெக்டோபாஸ்கல் போயே போய்விடும்! ரயில் நிலைய மஞ்சள் பலகையிலுள்ள உயரத்தை வைத்துச் செயலியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல், லைப்ரரியின் ஆயத்த சூத்திரம். அது கடல்மட்டத்தில் 15 டிகிரி என்று எடுத்துக்கொள்கிறது. நம் ஊரில் 15 டிகிரி ஏது? அதற்குப் பதில் இதைப் பயன்படுத்துங்கள்:

கடல்மட்ட அழுத்தம் = அளந்த அழுத்தம் × எக்ஸ்பொனென்ஷியல் (நிரலில் exp) [மீட்டரில் உயரம் ÷ (29.3 × கெல்வின் வெப்பநிலை)]

இந்த வெப்பநிலை, உங்கள் இடத்துக்கும் கடல்மட்டத்துக்கும் இடைப்பட்ட காற்றின் சராசரி. ஏற்காட்டில் 20 டிகிரி என்றால் 5 கூட்டி 25 டிகிரி, அதோடு 273 சேர்த்து 298 கெல்வின் வைக்கலாம். 848-க்கு இப்போது சுமார் 1009 வரும்; ஆயத்த சூத்திரம் 1018 என்று சொல்லியிருக்கும். சேலத்தில் இந்தப் பிழை 2-க்குள் அடங்கிவிடும். சென்சாரின் வெப்பநிலையை நம்ப வேண்டாம், போர்டின் சூடு அதில் ஏறியிருக்கும். வெளிக்காற்றின் இப்போதைய வெப்பநிலையையும் 12 மணி நேரத்துக்கு முந்தையதையும் சேர்த்துச் சராசரி எடுப்பதே சரி.

ஏற்காட்டுக்காரர்கள் இந்த மாற்றத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. வானிலை வரைபடங்களில் வரும் 850 ஹெக்டோபாஸ்கல் மட்டம் கிட்டத்தட்ட உங்கள் வாசலில்தான் இருக்கிறது. அளந்த எண்ணின் ஏற்ற இறக்கமே போதும்.

படிப்பது

அழுத்தம் தினமும் காலை 10, இரவு 10 மணியை ஒட்டி ஏறும். மாலை 4, அதிகாலை 4 மணியை ஒட்டி இறங்கும். இந்த அலைவு மட்டுமே 3, 4 ஹெக்டோபாஸ்கல் வரும். மதியம் இறங்குவதைப் பார்த்து "புயல் வருது" என்று குழுவில் போட்டுவிடாதீர்கள். நேற்று இதே மணிக்கு எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அழுத்தம் நேற்றைவிட 2, 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்து, மறுநாளும் குறைந்துகொண்டே போனால், வானிலை ஆய்வு மைய அறிக்கையைத் திறக்க வேண்டிய நேரம். அழுத்தம் மழை அளவைச் சொல்லாது. ஃபெஞ்சல் போல வலுவிழந்த தாழ்வில் அழுத்தம் ஏறத் தொடங்கிய பிறகும் மலையில் மழை பெய்யும்.

பிறகு சேர்த்தது: காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் வெயிலேறும்போது அழுத்தமும் ஏறுவதாகக் காட்டும். அடிப்பக்கம் சின்ன ஓட்டை போடுங்கள், சென்சார் மேல் நேர் வெளிச்சம் விழாமல் பாருங்கள். வீட்டுக்குள் அலமாரியில் வைத்தாலும் அழுத்தம் அதேதான்.